சங்கர் நாக்: மேடையிலிருந்து டிவிக்குப் போன வழி, நம்ம பக்கத்து நாடகக் குழு அதுல எதை எடுத்துக்கலாம்?

தேன்கனி
எல்லாருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரி டவுன்ல இருக்கிற ஒரு நாடகக் குழுவுக்காக இந்த இழை. நடிக்க எட்டுப் பேர். மூணு பேர் பாரதக் கூத்துல வேசம் கட்டுறவங்க, மத்தவங்க கல்லூரி மேடைப் பழக்கம் உள்ளவங்க. ஒன்றரை மணி நேர நாடகம் ஒண்ணை முதல்ல மேடையில போடணும், பிறகு அதே ஆளுங்களை வச்சு 25 நிமிசக் கதையா டிவிக்கு எடுக்கணும். இதுக்கு முன்மாதிரின்னு தேடினா ஓசூர் தாண்டினதும் கிடைக்கிற பேர் கன்னட நடிகர், இயக்குநர் சங்கர் நாக்தான். மேடையில நடிச்சு, நாடகம் இயக்கி, சினிமா போய், டிவிக்கு ஆர். கே. நாராயண் கதைகளை 'மால்குடி டேஸ்'னு தொடரா எடுத்துக் கொடுத்தவர்.

கேள்வி ரெண்டு. அவர் என்ன வரிசையில இதையெல்லாம் செஞ்சார்? அந்த முறையில நம்ம வசதிக்கு எது ஒத்துவரும்? தெரிஞ்சவங்க விவரமா எழுதுங்க.

மேடைத்தச்சன்
அம்மா, வரிசையைச் சொல்றேன். அந்த வரிசையிலதான் விஷயமே இருக்கு.

பிறந்தது 1954 நவம்பர் 9, வட கன்னட மாவட்டத்துல. வீட்டு மொழி கொங்கணி. இளவயசுல மும்பை போனார். அங்கே மராத்தி நாடகந்தான் அவருக்குப் பள்ளிக்கூடம். பின்னாடி மனைவியான அருந்ததியைச் சந்திச்சதும் அந்த நாடக வட்டத்துலதான். மராத்திப் படம் ஒண்ணுக்கு எழுத்து வேலையும் செஞ்சார். கிரீஷ் கர்னாட் இயக்கிய 'ஒந்தானொந்து காலதல்லி' 1978-ல வந்தது. அதுல கூலிப்படை வீரனா நடிச்சதுக்கு 1979 இந்திய சர்வதேசத் திரைப்பட விழாவுல சிறந்த நடிகர் விருது கிடைச்சது. முதல் கன்னடப் படமே அது.

விருது வாங்கின நடிகர் அதோட மேடையை விட்டிருக்கலாம். இவர் விடல. பெங்களூருல 'சங்கேத்'னு நாடகக் குழு கட்டினார், அருந்ததி கூடவே இருந்தார். 1980-ல 'மிஞ்சின ஓட்டா' மூலமா சினிமா இயக்குநர் ஆனார். 1981-ல 'கீதா', இசை நம்ம இளையராஜா. 'ஆக்ஸிடென்ட்' படத்துக்கு தேசிய விருது. இத்தனைக்கும் நடுவுல வணிகப் படங்கள்ல கதாநாயகனா ஓயாம நடிச்சுக்கிட்டு இருந்தார். 'சங்கேத் எலக்ட்ரானிக்ஸ்'னு ஒலிப்பதிவுக் கூடமும் போட்டார். 1980-களின் பிற்பாதியில தூர்தர்ஷனுக்கு 'மால்குடி டேஸ்'. 1990 செப்டம்பர் 30, தாவணகெரே பக்கத்துல சாலை விபத்து, போயிட்டார். 36 வயசு முடிய இன்னும் ஒரு மாசத்துக்கு மேல இருந்தது. முதல் படத்துலேர்ந்து கணக்குப் போட்டா பன்னிரண்டு வருசம்.

நீங்க எடுத்துக்க வேண்டியதுன்னு நான் நினைக்கிறது: டிவிக்குப் போறதுக்கு முன்னாடியே அவர் கையில மூணு இருந்தது. ஒத்திகைக்குப் பழகின ஆளுங்க, சொந்தமா ஒலி சார்ந்த அறிவு, குறைஞ்ச நாள்ல படம் முடிக்கிற பழக்கம். கேமரா பிறகு வந்தது.

ஆட்டோஸ்டாண்டு
ஓசூர்லேர்ந்து பெங்களூர் போற வழியில எந்த ஆட்டோவைப் பார்த்தாலும் அவர் படம் ஒட்டியிருக்கும். 'ஆட்டோ ராஜா'வை அவரே எடுத்து அவரே நடிச்சதாலதான் அந்த மரியாதை.

மேடைத்தச்சன்
தம்பி, 'ஆட்டோ ராஜா' 1980. இயக்கியது விஜய், இவர் நடிகர் மட்டும். மரியாதை நீங்க சொல்றபடியேதான், அதுல மாத்துக் கருத்து இல்ல. ஆனா அவர் இயக்கின பட்டியலையும் நடிச்ச பட்டியலையும் கலக்கக் கூடாது. அவர் நடிச்ச படங்கள்ல பெரும்பகுதி மத்தவங்க இயக்கினது. இயக்குநரா அவரைப் புரிஞ்சுக்கணும்னா 'மிஞ்சின ஓட்டா', 'ஆக்ஸிடென்ட்', 'மால்குடி டேஸ்' மூணையும் பாருங்க. போதும்.

வாசக்கால்
'மால்குடி டேஸ்' பத்திச் சில விவரங்கள், தப்பாவே பரவிக்கிட்டு இருக்கிறதால.

படப்பிடிப்பு மைசூர்ல நடந்ததுன்னு சொல்றாங்க. பெரும்பகுதி ஷிமோகா மாவட்டம் ஆகும்பேயில நடந்தது. ரயில் நிலையக் காட்சிக்கு அரசாளு நிலையம். இப்போ அதுல மால்குடி அருங்காட்சியகம் இருக்கு. மொத்தம் 54 பகுதியும் சங்கர் நாக் இயக்கினதுன்னும் எழுதுறாங்க. அவர் இயக்கியது 39. மீதி 15 பகுதியை 2006-ல கவிதா லங்கேஷ் இயக்கினார். தயாரிப்பு டி. எஸ். நரசிம்மன். ஒளிப்பதிவு எஸ். ராமச்சந்திரா. இசை எல். வைத்தியநாதன். கோட்டோவியங்கள் கதாசிரியரின் தம்பி ஆர். கே. லட்சுமண். சுவாமியா மாஸ்டர் மஞ்சுநாத், அப்பாவா கிரீஷ் கர்னாட், அம்மாவா வைஷாலி காசரவள்ளி.

அந்தப் பெயர்களைக் கவனிங்க. கர்னாட் நாடக ஆசிரியர், வைஷாலி மேடை நடிகை, இதுல நடிச்ச சங்கரோட அண்ணன் அனந்த் நாக் மும்பை நாடகத்துலேர்ந்து வந்தவர். மேடையில வாக்கியத்தை எங்கே முறிக்கணும்னு தெரிஞ்சவங்க. அதனாலதான் அந்தத் தொடர்ல அப்பா பேப்பரை மடிக்கிறதே ஒரு வசனமா நிக்குது. இந்தியிலும் ஆங்கிலத்துலயும் எடுத்தாங்கங்கிறது இன்னொண்ணு. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் வேலை செய்யுற குழுவுக்கு அது ரொம்பப் பயன்படும். தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே தெருவுல புழங்குற ஊர்தானே.

தேன்கனி
அருமை. ரெண்டு மொழியில எடுக்கிறதை யாராவது விளக்குங்களேன். தமிழ், கன்னடம் ரெண்டுலயும் எடுத்தா ஓசூர் தாண்டியும் பார்க்க ஆள் இருக்கு.

ஒலி_ஓசூர்
செய்யலாம், ஆனா செலவு ரெட்டிப்பு ஆகாம இருக்கணும்னா வரிசை முக்கியம்.

ஒரு கேமரா நிலை வச்சாச்சுன்னா அதே நிலையில தமிழ் டேக், உடனே கன்னட டேக். தமிழ் முழுக்க முடிச்சுட்டு மத்தியானம் கன்னடம்னு போனா வெளிச்சம் மாறிடும், நடிகர் உட்கார்ந்த தோரணை மாறிடும், எல்லா லைட்டையும் திரும்ப வைக்கணும். உதடு தெரியாத தூரத்து ஷாட், முதுகு ஷாட், கைகளைக் காட்டுற ஷாட் இதெல்லாம் ஒருமுறை எடுத்தா ரெண்டுக்கும் ஆகும். இருபத்தஞ்சு நிமிசத்துல இப்படிப் பொது ஷாட் மூணுல ஒரு பங்கு வரும்படி முன்னாடியே எழுதிக்கிட்டா, கூடுதல் நேரம் பாதியோட நிக்கும்.

பெரும்பாலும் கெடுறது இங்கே: அசைவை வார்த்தையோட கட்டிடுவாங்க. "இந்த வார்த்தை சொல்லும்போது எழுந்திரு"ன்னு தமிழ்ல பழக்கினா, கன்னட வாக்கியத்துல அந்த வார்த்தை வேற இடத்துல வரும். அசைவை இன்னொரு அசைவோட கட்டுங்க. எதிர்ல இருக்கிறவர் டம்ளரைக் கீழே வச்சதும் எழுந்திரு. மொழி மாறினாலும் நேரம் தப்பாது.

அப்புறம் ஒவ்வொரு இடத்துலயும் எல்லாரையும் அரை நிமிசம் அசையாம நிறுத்தி வெறும் இடத்துச் சத்தத்தைத் தனியாப் பதிஞ்சுக்குங்க. வெட்டி ஒட்டும்போது இடைவெளி நிரப்ப அதுதான் மாவு. ரெண்டு மொழிக்கும் ஒண்ணே போதும்.

பாரூர்_ஏரி
கூத்துல வேசம் கட்டுற மூணு பேரைப் பத்தி யாரும் எழுதல. அவங்கதான் இந்தக் குழுவோட பெரிய பலம். அவங்ககிட்ட வேலையைச் சரியா வாங்கத் தெரியலைன்னா படம் கெட்டுப்போகும், பழி அவங்க மேல விழும்.

கூத்து நடிப்புக்குப் பழகின உடம்பு எப்படி வேலை செய்யும்னு பாருங்க. திறந்த வெளி, ராத்திரி முழுக்க, கடைசியில உட்கார்ந்திருக்கிற கிழவிக்கும் கேக்கணும். அதனால குரல் அடிவயித்துலேர்ந்து கிளம்பி நெஞ்சுல முழங்கும். வாக்கியத்தோட கடைசிச் சீரை இழுத்து நிறுத்துவாங்க, ஏன்னா பின்பாட்டுக்காரர் அதை வாங்கித் திருப்பிப் பாடணும். கால் சும்மா நிக்காது, மிருதங்கம் இல்லைன்னாலும் அடவு உள்ளே ஓடிக்கிட்டே இருக்கும். முகம் எப்பவும் சபையைப் பார்த்து. தலையில கிரீடம், தோள்ல புஜக்கட்டை கட்டிப் பழகினவங்களுக்குக் கழுத்து தனியாத் திரும்பாது, மாரோட சேர்ந்து முழு உடம்பே திரும்பும். இது ஒண்ணும் குறை கிடையாது, இருக்கிற கட்டைக்கு ஏத்த இலக்கணம். கேமராவுக்கு மட்டும் இடம் கொடுக்காது.

"கம்மியா நடிங்க"ன்னு சொல்லாதீங்க. அவமானமாப் போயிடும், அப்படிச் சொன்னதும் மொத்தமா அணைஞ்சுடுவாங்க. கைக்கு உண்மையான வேலை கொடுங்க. நம்ம ஊர்ல மாங்காய் மண்டி இருக்கு. பெங்களூரா காயை மூணு குவியலாத் தரம் பிரிக்கிற வேலையைக் கொடுத்து, பிரிச்சுக்கிட்டே பேசச் சொல்லுங்க. கையில ஒரு காய், கட்டை விரலால காம்புப் பக்கம் அழுத்திப் பார்க்கணும், பால் கசிஞ்ச கறை இருந்தா தனியா வைக்கணும். அந்தக் கவனம் வந்ததும் கால் அடங்கிடும், குரல் தானா இறங்கிடும், வாக்கியக் கடைசி இழுவையும் அறுந்துடும். முகத்தைக் கேமராவுக்குக் காட்டணும்கிற பழக்கமும் போயிடும், ஏன்னா கண்ணு காய் மேல இருக்கும்.

அவங்க நினைவாற்றலை நம்பலாம். ஒரு ராத்திரிக்கூத்து முழுக்க மனசுல வச்சிருக்கிறவங்களுக்கு 25 நிமிச வசனம் பெரிசு கிடையாது. ஆனா எழுத்துல கொடுக்காதீங்க, வாத்தியார் சொல்லிக் கொடுக்கிற மாதிரி வாய்ப்பாடமாச் சொல்லிக் கொடுங்க. ரெண்டு மூணு தடவையில பிடிச்சுடுவாங்க.

ஒலி_ஓசூர்
பாரூர் அண்ணன் சொன்னதோட ஒலிப்பக்கம் ஒண்ணு சேர்க்கிறேன். அவங்க குரல்ல மெதுவான சொல்லுக்கும் உச்சத்துக்கும் இடைவெளி ரொம்பப் பெரிசு. சாதாரணப் பேச்சுக்கு ரெக்கார்டர் அளவை வச்சா ஒரு அதட்டல்ல ஒலி கிழியும். கிழிஞ்ச ஒலியை எந்த மென்பொருளும் முழுசாத் தைக்காது. ஒத்திகையில அவங்களோட உச்சமான வசனத்தைச் சொல்லச் சொல்லி, முள் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாத மாதிரி வைங்க. சாதாரணப் பேச்சு மைனஸ் 18-லேர்ந்து மைனஸ் 12-க்குள்ள இருந்தாப் போதும். ரெக்கார்டர்ல ரெண்டாவது தடம் இருந்தா, அதே மைக்கை 10 டெசிபல் குறைச்சு அதுலயும் பதிங்க. அதுதான் காப்பு.

மைக் தூரம்: தலைக்கு மேல ஒன்றரை அடியிலேர்ந்து ரெண்டரை அடி, வாயை நோக்கிச் சாய்ச்சு. தூரம் ரெட்டிப்பானா ஒலி 6 டெசிபல் விழும், அறையோட எதிரொலி மட்டும் அப்படியே இருக்கும். கேமரா மேலயே மைக்கை மாட்டிட்டு எட்டடி தள்ளி நிக்கிற படமெல்லாம் கிணத்துக்குள்ளேர்ந்து பேசுற மாதிரி கேக்குறது இதனாலதான்.

ராயக்கோட்டை_மேடு
மேடைப் பகுதியை மறந்துடாதீங்க, படம் எடுக்கிறதுக்கு முன்னாடி நாடகம் நல்லா நிக்கணும். நம்ம பக்கம் கிடைக்கிற இடம் கல்யாண மண்டபம். டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை, மூணு பக்கமும் மொட்டைச் சுவர். பேசினது திரும்பி வந்து அடுத்த வார்த்தை மேல விழும். ஒலிபெருக்கியைக் கூட்டினா குழப்பமும் கூடும். பின் சுவர் முழுக்கப் பந்தல் துணியை மடிப்பு மடிப்பாத் தொங்கவிடுங்க, இறுக்கிக் கட்டக் கூடாது, சுவருக்கும் துணிக்கும் அரை அடி இடைவெளி இருக்கணும். முன்வரிசைக்கு முன்னாடி ஜமக்காளம் விரிங்க. சனம் உட்கார்ந்ததும் இன்னும் அடங்கும், அதனால வெறும் மண்டபத்துல ஒலி சரியில்லைன்னு பயந்து சாயங்காலம் எல்லாத்தையும் மாத்தாதீங்க.

மின்சாரம்: ஆயிரம் வாட் ஹாலஜன் ஆறு போட்டா 6,000 வாட், 230 வோல்ட்டுக்கு 26 ஆம்ப். மண்டபத்து 15 ஆம்ப் பிளக்ல மூணு லைட்டுக்கு மேல தாங்காது, 5 ஆம்ப் பிளக்ல ஒண்ணுகூட வேண்டாம். வெவ்வேற சர்க்யூட்ல பிரிச்சுப் போடுங்க. ஒலிப்பெட்டியும் லைட்டும் ஒரே சர்க்யூட்ல இருந்தா டிம்மர் திருப்பும்போதெல்லாம் ஸ்பீக்கர்ல உறுமல் கேக்கும். எல்.ஈ.டி. பார் லைட்டு வாடகைக்குக் கிடைச்சா சுமை பல மடங்கு குறையும், ஆனா கல்யாணத்துக்கு வர்ற பல வண்ண பார்ல தனி வெள்ளை இருக்காது, மூணு நிறத்தைக் கலந்துதான் காட்டும். முகம் ஊதா பாயும். வெள்ளை தனியா இருக்கிற வகையா கேட்டு வாங்குங்க.

மேடைத்தச்சன்
ராயக்கோட்டைத் தம்பி சொன்னது முக்கியம். சங்கர் நாக் முறையில மேடை முதல்ல. ஒன்றரை மணி நேர நாடகத்துக்கு முப்பது ஒத்திகை நாள் வைங்க, ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம். முதல் ஆறு நாள் உட்கார்ந்து வாசிப்பு. அதுல யாரும் நடிக்கக் கூடாது, வாக்கியத்தோட அர்த்தம் எங்கே திரும்புதுன்னு பேசணும். அடுத்த பத்து நாள் இயக்கம், தரையில சாக்பீஸ்ல மேடை அளவைக் கோடு போட்டுக்கிட்டு. பிறகு கையில தாள் கிடையாது. கடைசி அஞ்சு நாள் உடை, சாமான், லைட்டோட முழு ஓட்டம். வாசிப்பு நாளைச் சுருக்கிட்டு நேரா எழுந்து நடிக்கப் போறதுதான் எல்லாக் குழுவும் செய்யுற தப்பு. அப்படிச் செஞ்சா தொனி முதல் நாளே இறுகிடும், அப்புறம் கேமரா முன்னாடி அதை அசைக்க முடியாது.

நாடகத்தை ரெண்டு ஆட்டமாவது சனத்துக்கு முன்னாடி போட்ட பிறகு டிவிக்கு வெட்டுங்க. தொண்ணூறு நிமிசத்தை இருபத்தஞ்சா ஆக்கணும்னா எல்லாக் காட்சியையும் சமமாச் சுருக்கக் கூடாது. முழுசா நிக்க வேண்டிய காட்சி மூணு. அதுக்கு பதினஞ்சு நிமிசம். மிச்ச பத்துல கதையை நகர்த்துங்க. மேடையில "அப்பா வந்துட்டார்"னு ஒருத்தர் சொல்லணும். டிவியில வாசல்ல செருப்பைக் காட்டினா முடிஞ்சது. இப்படி வாயால சொல்ற தகவல் எல்லாத்தையும் கோடு போட்டு நீக்கினாலே நாலுல ஒரு பங்கு போயிடும்.

வாசக்கால்
இதுல ஒரு மாத்துக் கருத்து. கே. பாலசந்தரும் மேடையிலேர்ந்து வந்தவர், அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்துல வேலை பார்த்துக்கிட்டே நாடகம் போட்டவர். 1965-ல அவர் இயக்குநரா அறிமுகமான 'நீர்க்குமிழி' அவரோட சொந்த நாடகந்தான். பிறகு டிவிக்கும் வந்தார். அவர்கிட்ட வசனம் முன்னாடி நிக்கும், சங்கர் நாக்கிட்ட இடம் முன்னாடி நிக்கும். மேடையிலேர்ந்து வர்ற எல்லாரும் வசனத்தை வெட்டித்தான் ஆகணும்னு கிடையாது. உங்க நாடகம் வாக்குவாதத்துல ஓடுற நாடகம்னா அதை வெட்டினா உயிர் போயிடும்.

மேடைத்தச்சன்
ஏத்துக்கிறேன். தகவல் வசனத்தை வெட்டணும்னுதான் சொன்னேன், வாக்குவாதத்தை இல்ல. ரெண்டு பேர் முட்டிக்கிற வசனம் ஒரு சொல்லும் குறைய வேண்டாம்.

தேன்கனி
நாடகத்துல அப்படி ஒரு காட்சி இருக்கு. மண்டிக்கார அப்பா, வெளியூர்லேர்ந்து வந்த மகன், நிலத்தை விக்கிறதா வேண்டாமான்னு. மேடையில ஏழு நிமிசம். அப்பா வேசத்துக்குக் கூத்துக்காரர். இதை எப்படி ஷாட் பிரிக்கிறது?

கண்ணாடிவில்லை
ஒரே அறைன்னு வச்சுக்கறேன். அப்பா தரையில உட்கார்ந்து காய் பிரிக்கிறார், மகன் வாசப்படியில நிக்கிறான்.

முதல்ல அப்பாவுக்கும் மகனுக்கும் நடுவுல ஒரு கோடு இருக்குன்னு வைங்க. கேமரா அந்தக் கோட்டுக்கு ஒரே பக்கத்துல இருக்கணும். தாண்டினா ரெண்டு பேரும் ஒரே திசையைப் பார்த்துப் பேசுற மாதிரி ஆகிடும். மேடைக்காரங்களுக்கு இதை விளக்கச் சுலபமான வழி, கோட்டுக்கு இந்தப் பக்கம் சபை உட்கார்ந்திருக்குன்னு சொல்லிடுங்க. உடனே பிடிபடும்.

வழக்கமா அகல ஷாட் முழுக் காட்சியும் எடுத்துட்டு, பிறகு தோள் வழியா ரெண்டு, நெருக்கம் ரெண்டுன்னு போவாங்க. மேடை நடிகர் அகல ஷாட்லயே மொத்த வேகத்தையும் கொட்டிடுவார், ஏன்னா அவருக்கு அதுதான் நாடகம். நெருக்கத்துக்கு வரும்போது வெறுங்கூடுதான் மிஞ்சும். அதனால அப்பா உடையுற கடைசி ஒன்றரை நிமிசத்தை மட்டும் நெருக்கத்துல முதல்ல எடுங்க, காலையிலேயே. அதுக்கப்புறம் அகலம். கேமரா ரெண்டு கிடைச்சா அகலமும் நெருக்கமும் ஒண்ணா ஓடட்டும், ஒரே பக்கத்துலேர்ந்து. எதிர் எதிரா வச்சா லைட் ஸ்டாண்டு ஏதாவது ஒண்ணுல விழும்.

தொடர்ச்சிதான் பெரிய வில்லங்கம். ஏழு நிமிசக் காட்சியில குவியல் வளர்ந்துக்கிட்டே இருக்கும். ஒவ்வொரு டேக் தொடங்கும்போதும் எந்தக் குவியல்ல எத்தனை காய்னு ஒருத்தர் போன்ல படம் எடுத்து, எண்ணிக்கையை நோட்டுல குறிக்கணும். காட்சியை நாலு துண்டாப் பிரிச்சு, ஒவ்வொரு துண்டுக்கும் தொடக்க எண்ணிக்கை முடிவு பண்ணிக்குங்க: 4, 9, 15, 22 இந்த மாதிரி. அந்த வேலைக்குன்னு ஆள் போடாம, உதவி இயக்குநரே பார்த்துக்குவார்னு விட்டா எடிட்டிங்ல குவியல் தானா ஏறி இறங்கும். டம்ளர், செம்பு எந்தக் கையில எந்தச் சொல்லுக்கு வச்சார்ங்கிறதும் அதே நோட்டுல.

கேமரா அமைப்பு: நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் ஐம்பதுல ஒண்ணு. நம்ம மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். போன்ல வர்ற வழக்கமான 30 ஃபிரேம்லயே விட்டா டியூப் லைட்டும் மலிவு எல்.ஈ.டி. பல்பும் படத்துல பட்டை பட்டையாத் துடிக்கும். பதிவான பிறகு நீக்குறது பெரும்பாடு.

காவேரிப்பட்டினம்_கலா
ஒப்பனை பத்தி. கூத்துல அரிதாரம், முத்துவெள்ளை, செந்தூரம்னு தேங்காயெண்ணெயில குழைச்சுப் போட்டுப் பழகினவங்க "மூஞ்சியில ஒண்ணும் போடாம எப்படி"ன்னு கேப்பாங்க. நெருக்க ஷாட்டுக்கு ஈரம் ஒத்தியெடுத்து, நிறமில்லாத பவுடரை மெலிசா ஒத்தினாப் போதும். மேடைக்குப் போட்ட பான்கேக் பூச்சோட டிவிக்கு வந்தா காதும் கழுத்தும் வேற நிறமாத் தெரியும். புருவத்துக்கு மை வேண்டவே வேண்டாம்.

மாங்காய் சீசன்ல எடுக்கப் போறீங்கன்னா பதினொண்ணுலேர்ந்து மூணு வரைக்கும் வெளியில எடுக்காதீங்க அக்கா. கண்ணுக்குழி கறுப்பாகிடும், வேர்வை துடைச்சே நேரம் போகும். காலையில ஆறுலேர்ந்து பத்து, சாயங்காலம் மூன்றரையிலேர்ந்து ஆறு.

தேன்கனி
ரயில் நிலையத்துல ஒரு காட்சி இருக்கு, மகன் வந்து இறங்குறது. ராயக்கோட்டை நிலையம் சரியா இருக்கும். மால்குடி கதையையே தமிழ்ல எடுக்கலாமான்னும் ஒருத்தர் கேக்கிறார்.

வாசக்கால்
ரயில் நிலையத்துக்கு அனுமதி இல்லாம கேமராவை வெளியில எடுக்காதீங்க. ஓசூர், ராயக்கோட்டை, பாலக்கோடு, தருமபுரி எல்லாம் தென்மேற்கு ரயில்வேயோட பெங்களூரு கோட்டத்துல வருது. விண்ணப்பம் ரயில்வேக்கு, ஸ்டேஷன் மாஸ்டருக்குக் கிடையாது. கட்டணமும் முன்பணமும் கேப்பாங்க. குழுவுக்குக் கட்டுப்படியாகலைன்னா இறங்குறதைக் காட்டாம, நிலையத்துக்கு வெளியே சாலையில பையோட நடந்து வர்றதைக் காட்டி, ரயில் சத்தத்தைப் பின்னாடி வைங்க.

கதை உரிமை: ஆர். கே. நாராயண் மறைந்தது 2001 மே 13. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்த அடுத்த வருசத்துலேர்ந்து அறுபது வருசம் காப்புரிமை உண்டு. அதாவது 2061 முடியிற வரைக்கும். அனுமதி எழுத்துல வாங்காம ஒரு காட்சியும் எடுக்கக் கூடாது, மேடையில போடக் கூடாது, யூடியூப்ல இலவசமாப் போட்டாலும் அதே சட்டந்தான். உரிமைக் காலம் முடிஞ்ச தமிழ்க் கதைகள் கைக்கெட்டுற தூரத்துல இருக்கு. புதுமைப்பித்தன் 1948-ல மறைந்தார், கு. ப. ராஜகோபாலன் 1944-ல. ரெண்டு பேர் சிறுகதையிலயும் 25 நிமிசத்துக்கு அளவெடுத்த மாதிரி கதைகள் இருக்கு.

ராயக்கோட்டை_மேடு
குழு மொத்தமும் ஒரு தடவை பெங்களூரு ஜே. பி. நகர் ரங்கசங்கராவுல நாடகம் பார்த்துட்டு வாங்க. சங்கர் நாக் நினைவா அருந்ததி நாக் பாடுபட்டுக் கட்டின அரங்கம், 2004 அக்டோபர்ல திறந்தாங்க. முந்நூறு சொச்சம் இருக்கை, மேடை பார்வையாளர் பக்கமா நீண்டு வரும், எந்த வரிசையிலேர்ந்தும் நடிகரோட கண்ணு தெரியும். மைக் இல்லாம கடைசி வரிசைக்கு எப்படிக் கேக்குதுன்னு கவனிக்கச் சொல்லுங்க. நாடகம் சொன்ன நேரத்துக்குத் தொடங்கும், கதவு மூடினா யாருக்கும் திறக்க மாட்டாங்க. சாயங்கால ஆட்டம் பெரும்பாலும் ஏழரைக்கு. கிருஷ்ணகிரியிலேர்ந்து மூன்றரைக்குக் கிளம்பிடுங்க. எலக்ட்ரானிக் சிட்டி நெரிசலும் சில்க் போர்டு நெரிசலும் சேர்ந்து ஒன்றரை மணி நேரத்தை விழுங்கும்.

தேன்கனி
எல்லாருக்கும் நன்றி. வாசிப்பு நாள் ஆறு, ஒத்திகை முப்பது, படப்பிடிப்பு எத்தனை நாள்னு கணக்குப் போடுறது?

கண்ணாடிவில்லை
25 நிமிசம்னா திரைக்கதையில ஏறக்குறைய 25 பக்கம். நல்லா ஒத்திகை ஆன குழு ஒரு நாளைக்கு ஆறு பக்கம் தாண்டும், ஒத்திகை ஆகாத குழு மூணுல தடுமாறும். உங்களுக்கு அஞ்சு நாள். வெயில் நேரத்தை விட்டுட்டா ஆறு. ரெண்டு மொழின்னா ஒன்பது. மண்டிக் காட்சிக்கு மட்டும் ஒரு முழு நாள் ஒதுக்குங்க, அதுல வேற எதையும் திணிக்காதீங்க.

தேன்கனி
கடைசியா ஒண்ணு. அம்மா வேசத்துக்குச் சட்டை மைக் வைக்கணும், பட்டுப்புடவை. ஒத்திகையில சரசரன்னு கேக்குது.

ஒலி_ஓசூர்
பட்டு வேண்டாம், பழைய நூல் புடவை கொடுங்க, மண்டிக்காரர் வீட்ல அன்னாடம் அதுதான் கட்டுவாங்க. மைக்கை முந்தானை மடிப்புல வைக்காதீங்க, ரவிக்கைக் கழுத்தோட உள்பக்கம் நடுவுல, மருத்துவ டேப்பை முக்கோணமா மடிச்சு அதுக்குள்ள சிக்க வச்சு ஒட்டுங்க. ஒயர் ஒரு சுத்து தளர்வா இருக்கட்டும், இழுபட்டா அந்த இழுவையும் சத்தமாப் பதியும். தாலிச் சரடு மைக் மேல தட்டும். சரடை ரவிக்கைக்குள்ள விட்டு, ரெண்டு பக்கமும் சின்ன டேப் போட்டு நகராம ஒட்டிடுங்க. கண்ணாடி வளையல் ரெண்டு மட்டும், நடுவுல ரப்பர் பேண்ட். மின்விசிறியை நிறுத்தியாச்சான்னு டேக்குக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் கேளுங்க.